மருந்தும் பருவமும்

குழந்தைக்குக் கால் மாத்திரை, சிறுவனுக்கு அரை மாத்திரை, பெரியவருக்கு முழு மாத்திரை என்ற கணக்கு நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. உடலின் எடைக்குத் தக்கபடி அளவைக் குறைத்தால் போதும். மற்றபடி மருந்து செய்யும் வேலை எல்லா வயதிலும் ஒன்றே என்பது இக்கணக்கின் உட்கிடை. சில மருந்துகளுக்கு இஃது ஓரளவு பொருந்தவும் கூடும். ஆனால் மனச்சோர்வு நோய்க்குத் தரப்படும் மருந்துகளைப் பொறுத்தவரையில் இக்கணக்குப் பொய்த்துப் போயிற்று. அஃது எவ்வாறு பொய்த்தது, அதனை எலிகளும் முயல்களும் எவ்வாறு காட்டிக் கொடுத்தன என்னும் வரலாற்றையே மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

இவ்வரலாற்றின் தொடக்கம் வெளிநாட்டில் இல்லை; நம் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு சிறு செடியின் வேரில் இருக்கிறது. சர்ப்பகந்தி என்று அதனை நம் மருத்துவ நூல்கள் கூறும். பாம்பைப் போல் வளைந்து நெளிந்து செல்லும் வேர் உடையது. பீகாரிலும் வங்காளத்திலும் சித்தம் கலங்கியவர்களுக்கு அவ்வேரைப் பொடித்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 'பைத்தியத்துக்கு மருந்து' என்றே அதனைக் கடைத்தெருவில் விற்றனர். 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், இவ்வேர் மனக்கிளர்ச்சியைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்ற வேதியியல் அறிஞர் அவ்வேரிலிருந்து பல சத்துகளைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டார். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்த நோயாளர் ஐம்பதின்மருக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட பயனைப் பிரிட்டிஷ் இதய நோய் இதழில் வெளியிட்டார். மேல்நாட்டார் அதன் பிறகே விழித்துக் கொண்டனர். 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சிபா நிறுவனத்து ஆய்வாளர்கள் வேரின் மூலச்சத்தாகிய ரெசர்ப்பின் என்பதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். 1954-இல் நியூயார்க் மாநிலத்தில் நேதன் கிளைன் என்னும் மருத்துவர் அதனை மனநோயாளர்க்குக் கொடுத்து வெற்றி கண்டார். வக்கீலுக்கு 1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிட்டியது.

இதுவரை கேட்டவர்கள், மனத்தை அமைதிப்படுத்தும் மருந்துக்கும் சோர்வை நீக்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு, முயற்கூண்டில் இருந்தது.

ரெசர்ப்பின் ஏற்றிய முயல் விந்தையான காட்சி. அதன் இமைகள் சரியும், காதுகள் தொங்கும், முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் குந்தும், தள்ளினாலன்றி நகராது, உடலின் வெப்பமும் குறையும். உயிர் இருக்கிறது, ஊக்கம் இல்லை. அமெரிக்க நாட்டின் பெதஸ்டாவில் பெர்னார்ட் புரோடி என்பவரின் ஆய்வுக்கூடத்தார், 1955-ஆம் ஆண்டை ஒட்டி இதற்கு ஒரு காரணம் கண்டனர். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக் கொள்வதற்கு உதவும் செரோட்டோனின் என்னும் பொருள், ரெசர்ப்பின் ஏற்றியவுடன் தன் சேமிப்பறைகளை விட்டு வெளியேறி வீணாகிவிடுகிறது என்பதே அக்காரணம். நார் அட்ரினலின், டோப்பமின் ஆகிய வேறு இரு பொருள்களும் அவ்வாறே வற்றிவிடுவதைப் பிறர் கண்டனர். சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்வித் கார்ல்சன் 1957-இல், குந்தியிருந்த முயல்களுக்கு டோப்பா என்னும் பொருளைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை காதை நிமிர்த்தி எழுந்து நடந்தன. அவருக்கு நோபல் பரிசு வந்து சேர 2000-ஆம் ஆண்டு வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டுகளில் இரத்த அழுத்தத்துக்காக ரெசர்ப்பின் உண்ட சிலர் மனம் உடைந்து சோர்ந்ததாகவும் மருத்துவர்கள் எழுதினர். முயலின் சோர்வையும் மனிதனின் சோர்வையும் ஒன்றாக எண்ணும் எண்ணம் இவ்வாறு பிறந்தது. பிற்காலத்தார் பழைய குறிப்புகளை மீண்டும் ஆராய்ந்து, ரெசர்ப்பின் மனச்சோர்வை உண்டாக்குகிறது என்னும் முடிவு அந்நாளில் நம்பப்பட்ட அளவு உறுதியானதன்று என்று கூறியுள்ளனர். இருப்பினும் அந்நம்பிக்கையின் மேல்தான் ஒரு துறையே எழுந்து நின்றது.

சோர்வு நீக்கும் முதல் மருந்துகள் இரண்டுமே தற்செயலாகக் கிடைத்தவை. ஐப்ரோனியாசிட் என்பது காசநோய் மருந்து. 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு மருத்துவமனையில் அதனை உண்ட காசநோயாளர்கள் படுக்கையை விட்டு எழுந்து உற்சாகமாய் நடமாடியது கண்டு மருத்துவர்கள் வியந்தனர். இமிப்ரமின் என்பதோ வேறொரு மனநோய்க்கென்று கருதப்பட்டது. அந்நோய்க்கு அது பயன்படவில்லை. ஆனால் சுவிட்சர்லாந்தின் மியூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்பவர், சோர்வுற்ற நோயாளர்க்கு அது நன்மை செய்வதைக் கண்டறிந்தார். 1957-இல் சூரிக் நகரில் உலக மனநல மாநாட்டில் அவர் அதனை எடுத்துரைத்தபோது கேட்டிருந்தவர் ஏறக்குறையப் பன்னிருவரே என்பர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலங்கில் சோதித்து மனிதனுக்கு வந்த மருந்துகள் அல்ல இவை. மனிதனிடம் பயன் தெரிந்த பிறகு விலங்குக்குச் சென்றவை. ஐப்ரோனியாசிடை முன்னதாகக் கொடுத்துவிட்டு ரெசர்ப்பினைச் செலுத்தினால் விலங்கு குந்துவதில்லை, துள்ளுகிறது என்று கண்டனர். இமிப்ரமினும் அதன் உறவு மருந்துகளும் ரெசர்ப்பின் சோர்வை எதிர்த்தன. ஆகவே, "ரெசர்ப்பினை எதிர்ப்பது எதுவோ அதுவே நல்ல மருந்து" என்ற சோதனை முறை ஏற்பட்டது. சாவிக்கு ஏற்பப் பூட்டைச் செய்துகொண்டார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அப்பூட்டில் பொருந்தும் புதிய சாவிகள் பல கிடைத்தன என்பதும் உண்மையே.

பின்னர் 1977-இல், பாரிசில் பணிபுரிந்த ராஜர் போர்சோல்ட் என்பவர் புதியதொரு முறையை வெளியிட்டார். உயரமான கண்ணாடிக் குவளையில் நீரை நிரப்பி எலியை விடுகிறார்கள். அது நீந்தும், சுவரைப் பிறாண்டும், வெளியேற முயலும்; பிறகு முயற்சியைக் கைவிட்டு மூக்கை மட்டும் நீருக்கு மேல் வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கும். மறுநாள் ஐந்து நிமிடம் மீண்டும் விட்டு, அசையாமல் கிடக்கும் நேரத்தைக் கணக்கிடுவர். சோர்வு நீக்கும் மருந்து பெற்ற எலி நெடுநேரம் முயல்கிறது. அசையாத நேரம் குறைகிறது. எளிய முறை, விரைவான முறை, உலகெங்கும் பரவிவிட்டது.

மிதக்கும் எலியை 'மனமுடைந்த எலி' என்று சொல்வது துணிச்சலான பேச்சு என்பது என் கருத்து. வெளியேற வழியில்லை என்று அறிந்த பிறகு வீணாகக் காலை அடித்துக் களைக்காமல் மிதப்பது அறிவுடைமையாகவும் இருக்கலாம் அல்லவா? இவ்வையத்தை எழுப்பிய ஆய்வாளர் பலர். எலி படும் துன்பத்தைக் கருதி, ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலம் 2024-இல் இச்சோதனையைச் சட்டத்தால் விலக்கியது. விலங்குகளின் பொருட்டுச் சட்டம் செய்வதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகி, விலங்கு வதைத் தடைக்கென ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அம்முயற்சியின் பயனாக 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. ஆய்வுக்கூட விலங்குகளைக் கண்காணிக்கும் குழுவுக்கு அச்சட்டமே இடம் செய்தது. 1962-இல் ஏற்பட்ட விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

இனி, வயதுக்கு வருவோம். அக்கண்ணாடிக் குவளைகளில் நீந்திய எலிகளின் வயது என்ன?

பெரும்பாலானவை இரண்டு, மூன்று மாத வயதுடைய ஆண் எலிகள். எலிக்குட்டி கண்மூடிப் பிறக்கிறது. இரண்டு வாரத்தில் கண் திறக்கிறது. 21-ஆம் நாளளவில் தாய்ப்பாலை மறக்கிறது. ஆறு, ஏழு வாரத்தில் பருவம் எய்துகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் வாழ்நாள் முடிகிறது. ஆகவே இரண்டு மூன்று மாத எலி என்பது நம் கணக்கில் கட்டிளங்காளை. அத்தகைய எலியே விற்பனைக்கு எளிதாகக் கிடைக்கும். கிழ எலியை இரண்டு ஆண்டு தீனி போட்டு வளர்க்க வேண்டும். பாலருந்தும் குட்டியைத் தாயினின்று பிரித்தால் அதுவே ஒரு துன்பமாகிச் சோதனையைக் கெடுக்கும். காரணங்கள் நியாயமானவையே. ஆனால் கட்டிளங்காளையிடம் கண்ட முடிவு குழந்தைக்கும் கிழவருக்கும் உரியதாகும் என்ற எண்ணம், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நிலைபெற்றுவிட்டது.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில், முத்தியால்பேட்டையை அடுத்து ஐயம்பேட்டை என்னும் நெசவாளர் ஊர் இருக்கிறது. நான் அவ்வூரில் வளர்ந்தவன். விலங்கியல் கற்பிப்பது என் தொழில். எங்கள் தெருவில் ஒரு மூதாட்டியார், கணவர் மறைந்த பின் உணவும் உறக்கமும் இழந்து வாடியிருந்து, மருத்துவர் தந்த மாத்திரையால் தேறி எழுந்தவர். அவருடைய பேரனுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்குச் செல்லாமல், தறிக்கு உதவவும் வராமல், சுவரைப் பார்த்தபடி நாள்களைக் கழித்தான். ஒருநாள் மூதாட்டியார் என்னிடம் வந்து, "வாத்தியார் தம்பி, எனக்கு நல்லதாகப் பிடித்த மாத்திரைதானே! அதில் பாதியை ஒடித்துப் பிள்ளைக்குக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். கொடுக்கவே கூடாது, அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்றேன். "ஏன் கூடாது? பாதிதானே!" என்றார். கேட்டது நியாயமான கேள்வி. உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் கூட அதே கேள்வியைத்தான் பல ஆண்டுகள் கேளாமலே விட்டிருந்தன.

இமிப்ரமினும் அதன் உறவு மருந்துகளும் வளர்ந்தோர்க்குப் பயன்பட்டமையால், பிள்ளைகளுக்கும் அவற்றை மருத்துவர்கள் கொடுத்து வந்தனர். 1995-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளிடம் நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், இம்மருந்துகளுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. பெரியவரைக் கைதூக்கிவிட்ட மருந்து பிள்ளையிடம் செயலற்றுப் போயிற்று. ஈராண்டுகள் கழித்து, 1997-இல், டல்லஸ் நகரில் 96 பிள்ளைகளிடம் நடந்த சோதனை வேறொன்றைக் காட்டியது: செரோட்டோனினை மட்டும் குறிவைக்கும் புளூவாக்செட்டின் என்ற மருந்து, வெற்று மாத்திரையினும் மேலான பயன் தந்தது. எனவே எல்லா மருந்தும் பிள்ளைகளிடம் தோற்பதில்லை; ஒருவகை தோற்கிறது, ஒருவகை நிற்கிறது. ஏன்?

இதற்கு விடை தேடிய நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாய்ப்பாலை அப்போதுதான் மறந்த 21 நாள் எலிகளைப் போர்சோல்டின் குவளையில் விட்டுப் பார்த்தனர். 2008-இல் வெளிவந்த அவர்களுடைய முடிவு வியப்பளித்தது. செரோட்டோனினைக் குறிவைக்கும் மருந்துகளுக்கு அவ்விளம் எலிகள் இணங்கின. இமிப்ரமின் குடும்பத்து மருந்துகளுக்கு இணங்கவில்லை. மனிதப் பிள்ளைகளிடம் கண்டதே எலிப்பிள்ளைகளிடமும் காணப்பட்டது. ஒரு விளக்கம் இவ்வாறு சொல்லப்படுகிறது: மூளையில் செரோட்டோனினைக் கையாளும் நரம்புப் பாதைகள் முந்தி முதிர்கின்றன, நார் அட்ரினலினைக் கையாளும் பாதைகள் முதிர்வதற்கு நெடுநாள் ஆகின்றன. இமிப்ரமின் வகை மருந்துகள் பின்னதைப் பெரிதும் நம்பியிருப்பவை. சாலையே இன்னும் போட்டு முடியாத ஊருக்கு வண்டியை அனுப்பினால் அது எவ்வாறு போய்ச் சேரும்?

இதனினும் ஆழமான செய்தி ஒன்று உண்டு. என் கருத்தில் இவ்வரலாற்றின் நடுநாயகம் அதுவே.

1981-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மிர்மிரான் என்பவரும் அவருடைய தோழர்களும், பச்சிளம் எலிக்குட்டிகளின் கனவுத் துயிலைத் தடுத்தால் மூளை எவ்வாறு வளரும் என்று அறிய விரும்பினர். கனவுத் துயிலைத் தடுக்கவல்ல ஒரு மருந்து கையில் இருந்தது. அது குளோமிப்ரமின்; மனச்சோர்வு நீக்கும் மருந்துகளுள் ஒன்று. அதனைச் சில நாள்கள் குட்டிகளுக்குச் செலுத்தி நிறுத்தினர். குட்டிகள் வளர்ந்து பெரியவையான பின்னும் அவற்றின் நடத்தையில் மாறுதல்கள் நிலைத்திருந்தன. அட்லாண்டாவைச் சேர்ந்த ஜெரால்டு வோகல் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்து 1990-இல் ஓர் அரிய முடிவை வெளியிட்டார். பிறந்த 8-ஆம் நாள் முதல் 21-ஆம் நாள் வரை குளோமிப்ரமின் பெற்ற எலிகள், வளர்ந்தபின் சோர்வு நோயின் அடையாளங்கள் பலவற்றைக் காட்டின: இன்பம் தரும் பொருள்களில் நாட்டம் குறைந்தது, துயிலின் ஒழுங்கு கெட்டது, நீரில் விட்டால் விரைவில் அசைவற்றன. பெரியவரின் நோயை நீக்கும் மருந்து, குட்டிப் பருவத்தில் கொடுத்தபோது அந்நோயையே விதைத்துவிட்டது!

இம்முறையை நம் அண்டையிலுள்ள பெங்களூரில், தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தார் கைக்கொண்டனர். அந்நிறுவனம், பழைய மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையும் 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநலக் கழகமும் 1974-இல் ஒன்றாகி உருவானது. அங்கு ஷங்கரநாராயண ராவ் அவர்களின் ஆய்வுக்குழுவினர் 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குட்டிப் பருவத்தில் குளோமிப்ரமின் பெற்ற எலிகள், வளர்ந்தபின் இடத்தை அறிந்து நினைவிற் கொள்ளும் பயிற்சியில் பின்தங்கின என்பது அதன் செய்தி. அவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. அவ்வாறு குறைபட்ட பெரிய எலிகளுக்கு எஸ்சிட்டலோப்ராம் என்னும் மற்றொரு சோர்வு நீக்கும் மருந்தை நாள்தோறும் கொடுத்து வந்தனர். நினைவாற்றல் மீண்டது, மூளையின் வேதிப்பொருள் அளவுகளும் சீர்ப்பட்டன. இஃது 2011-இல் வெளிவந்தது. கேடு செய்ததும் சோர்வு மருந்து. கேட்டை ஆற்றியதும் சோர்வு மருந்து. இரண்டு மருந்துகளும் வேறு வேறு எனினும் ஒரே தொழிலைச் செய்யும் இனத்தவை. பெரிதும் வேறுபட்டது, மருந்து சென்று சேர்ந்த பருவம்.

நெசவு அறிந்த ஊரான் ஆதலால் எனக்கு இவ்விடத்தில் தறியே நினைவுக்கு வருகிறது. தறியில் நீளவாக்கில் செல்வது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடையில் ஓர் இழை தவறினால், நெசவாளர் அவ்விடத்தில் பிரித்து மறுபடி ஓட்டிவிடுவார். பாவு பூட்டும்போதே ஓர் இழை மாறிப்போயிருந்தால் அக்குறை புடைவையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரையில் கூடவே வரும். இளம் மூளையில் செரோட்டோனின் செய்தி கடத்தும் பொருள் மட்டுமன்று. நரம்புகள் எங்கே செல்ல வேண்டும், எதனோடு இணைய வேண்டும் என்பதற்கு வழிகாட்டும் பொருளும் ஆகும். பாவு பூட்டும் காலத்தில் அதன் அளவை மாற்றுவது வேறு. நெசவு நடக்கும் காலத்தில் மாற்றுவது வேறு.

கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2004-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டிற்று. பிறந்த 4-ஆம் நாள் முதல் 21-ஆம் நாள் வரை புளூவாக்செட்டின் பெற்ற சுண்டெலிகள், மருந்து நின்று வாரங்கள் கழிந்து பெரியவையான பின், புதிய இடத்தை ஆராயத் தயங்கி ஒடுங்கின. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த விதிதா வைத்தியாவின் குழுவினர், இம்மாறுதல் மூளையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினர். 2014-இல் அவர்கள் கண்டது இது: குட்டிப் பருவத்தில் புளூவாக்செட்டின் பெற்ற எலிகளின் மூளையில், நினைவுக்கு உரிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், மரபணுக்களை அடக்கி வைக்க உதவும் ஒரு நொதி வாழ்நாள் நெடுகிலும் மிகுதியாகச் சுரந்து கொண்டிருந்தது. அவ்வெலிகளுக்கே பெரிய பருவத்தில் மீண்டும் புளூவாக்செட்டின் கொடுத்தபோது நொதியின் அளவும் தணிந்தது, சோர்வும் தணிந்தது. முன்னே சொன்ன உவமை இங்கே தளர்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாவின் குறையைப் பின்னால் எந்த நெசவாளராலும் நேராக்க முடியாது. மூளைக்கு அது முடிகிறது போலும்.

ஓர் எச்சரிக்கை. எலி, பிறக்கும்போது மூளை மிகவும் முதிராத நிலையில் பிறக்கிறது. அதன் முதல் வாரம், மனிதக் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும் கடைசி மாதங்களுக்கு ஏறக்குறைய ஒப்பானது. அடுத்த இரு வாரங்கள் நம் குழந்தைப் பருவத்தின் தொடக்கத்துக்கு ஒப்பாகலாம். ஆகவே இம்முடிவுகளைப் பதினைந்து வயதுப் பையனுக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. கருவுற்ற தாய்மாரைப் பற்றிய ஐயத்தையே இவை எழுப்பின. ஆனால் தாயின் சோர்வு நோயைக் கவனியாது விட்டாலும் தாய்க்கும் சேய்க்கும் கேடு உண்டு. எலிக்கு அந்த இரண்டாவது கேடு இல்லை, ஏனெனில் நோயில்லாத குட்டிக்கே மருந்து கொடுத்தார்கள். மருத்துவர் இருபுறமும் தூக்கிப் பார்த்தே முடிவு செய்கிறார்.

முதுமையைப் பற்றிச் சிறிது சொல்லி மேற்செல்வேன். சோர்வு நீக்கும் மருந்து, ஹிப்போகாம்பசில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதைத் தூண்டுகிறது என்றும், சுண்டெலிகளில் அப்பிறப்பைத் தடுத்துவிட்டால் மருந்தின் சில பயன்கள் தோன்றுவதில்லை என்றும் 2003-இல் ஓர் ஆய்வு கூறிற்று. 2009-இல் வேறொரு குழுவினர் மூன்று வயதுடைய சுண்டெலிகளை எடுத்துக்கொண்டனர். 100 நாள் வயதினவற்றில் புளூவாக்செட்டின் அத்தூண்டுதலைச் செய்தது; 200 நாள் ஆனவற்றிலும் 400 நாள் கடந்தவற்றிலும் செய்யவில்லை. ஆயினும் மூத்த மனிதர் பலர் இம்மருந்துகளால் தேறுகின்றனர் என்பது கண்கூடு. எனவே மருந்துக்கு வேறு வழிகளும் இருத்தல் வேண்டும். முதியவரிடம் ஈரலும் சிறுநீரகமும் மெதுவாக வேலை செய்வதால் மருந்து உடலில் நெடுநேரம் தங்கும். இரத்தத்தில் உப்புச்சத்துக் குறைவதும் உண்டு. மூதாட்டியாரின் மாத்திரை அவருடைய உடலுக்கென்று அளந்து தரப்பட்டது.

பதினைந்து வயதுப் பையனைப் பற்றி விலங்குகள் சொல்ல இயலாத செய்தி ஒன்றை மனிதச் சோதனைகள் சொல்லின. 2004-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஏறக்குறைய 4,400 பிள்ளைகள் பங்குபெற்ற 24 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்தது. வெற்று மாத்திரை உண்டோரில் நூற்றுக்கு இருவரிடமும், மருந்து உண்டோரில் நூற்றுக்கு நால்வரிடமும் தற்கொலை எண்ணமோ அத்தகைய முயற்சியோ காணப்பட்டது. அச்சோதனைகளில் ஒருவரும் இறக்கவில்லை. மருந்தின் விளக்கக் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்டு எச்சரிக்கை அச்சிடுமாறு அந்நிர்வாகம் ஆணையிட்டது; 2007-இல் அவ்வெச்சரிக்கையை 24 வயது வரை நீட்டித்தது. 65 வயதைக் கடந்தோரிடமோ இம்மருந்துகள் அவ்வெண்ணத்தைக் குறைக்கவே செய்தன. அளவு ஒன்றே, வயது அதன் திசையையே மாற்றிவிட்டது.

இதனைக் கேட்டு, பிள்ளைகளுக்கு மருந்தே வேண்டா என்று யாரும் எண்ணிவிடலாகாது. அதே 2004-இல் வெளிவந்த மற்றொரு பெரிய சோதனையில், சோர்வுற்ற 439 இளைஞர்கள் பங்கு கொண்டனர். பன்னிரண்டு வாரத்தில், வெற்று மாத்திரை பெற்றோரில் நூற்றுக்கு 35 பேர் தேறினர். உளவழிப் பயிற்சி மட்டும் பெற்றோரில் 43 பேர். புளூவாக்செட்டின் மட்டும் பெற்றோரில் 61 பேர். இரண்டும் சேர்த்துப் பெற்றோரில் 71 பேர். மருந்து உண்ணத் தொடங்கிய முதல் வாரங்களில் பிள்ளையை அருகிருந்து கவனிப்பதும், மருந்தைத் தானே திடீரென நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டே மாற்றுவதும், அண்டை வீட்டாரின் மாத்திரையைத் தீண்டாமலிருப்பதுமே அந்த எச்சரிக்கையின் பொருள். எங்கள் தெருப் பையனை அவன் தாயார் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவர் முதற்கண் மாத்திரை எதுவும் எழுதவில்லை. வாரந்தோறும் அவனை வரச்செய்து நெடுநேரம் பேசினார் என்று அறிந்தேன்.

ஆய்வுக்கூடத்துக்கே மீண்டும் வருவோம். நான் மாணவனாக இருந்தபோது நூலகத்தில் புரட்டிய பழைய ஆய்வுக் கட்டுரைகளில், "200 கிராம் எடையுள்ள ஆண் எலிகள்" என்று எழுதியிருக்கும். வயதைப் பற்றி ஒரு சொல்லும் இராது. எடையைக் கொண்டு வயதை நாமே ஊகிக்க வேண்டும். தீனி குறைந்த எலியானால் அந்த ஊகமும் பிழைபடும். 2010-இல் இங்கிலாந்திலிருந்து ஒரு நெறிமுறைத் தொகுப்பு வெளிவந்தது. விலங்காய்வை வெளியிடுவோர் எவ்விலங்கு, எவ்வினம், ஆணா பெண்ணா, எடை யாது என்பவற்றோடு, அதன் வயதையும் வளர்ச்சிப் பருவத்தையும் கட்டாயம் எழுதுதல் வேண்டும் என்று அது கூறுகிறது. ஆய்விதழ்கள் பல அதனை ஏற்றுக்கொண்டன. இன்று நீங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு புதிய கட்டுரையைத் திறந்தால், முறை கூறும் பகுதியின் முதல் சில வரிகளுக்குள் எலியின் வயது நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ தரப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். முடிவைப் படிக்குமுன் அந்த எண்ணைப் பாருங்கள்.